மூணு சீட்டும் 22,100 கணக்கும்



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "நமக்கு என்ன தெரியும் எழுத?" என்றுதான் முதலில் நினைத்தேன். மின்மாற்றி பற்றி எழுதினால் புத்தகத்திலேயே இருக்கிறது. கவிதை நமக்கு வராது. யோசித்துப் பார்த்ததில், சின்ன வயதிலிருந்து நான் அதிகம் பார்த்த விஷயங்கள் இரண்டு. ஒன்று தறி, இன்னொன்று சீட்டுக்கட்டு. தறியைப் பற்றி எழுத ஊரில் பெரியவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். எனவே சீட்டைப் பற்றி எழுதுகிறேன். "படிக்கிற பையன் சீட்டைப் பற்றி எழுதுறானே!" என்று ஆசிரியப் பெருமக்கள் கோபப்பட வேண்டாம். கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

மழை பெய்தால் சீட்டு

எங்கள் வீடு காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தெருவில் இருக்கிறது. அப்பா குழித்தறியில் பட்டுச்சேலை நெய்கிறார். அம்மா தார் சுற்றுவார். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் தெருவில் பாவு நீட்ட முடியாது. குழியில் ஈரம் ஏறிவிடும், பட்டிழை நமத்துப் போகும். தறிச் சத்தம் நின்றுவிடும். அப்புறம் ஆண்களுக்கு என்ன வேலை? திண்ணையில் ஒரு போர்வையை விரித்து, சீட்டுக்கட்டை எடுத்துவிடுவார்கள்.

அந்தத் திண்ணையில்தான் நான் சீட்டுகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டேன். ஆடுதன், டைமன், கிளாவர், இஸ்பேட். பள்ளியில் இங்கிலீஷ் சார் அவற்றை ஹார்ட்ஸ், டைமண்ட்ஸ், கிளப்ஸ், ஸ்பேட்ஸ் என்று சொன்னபோது, கிளப்ஸ் எப்படிக் கிளாவர் ஆயிற்று என்று குழம்பினேன். பிறகு தெரிந்தது, டச்சு மொழியில் அந்தச் சீட்டின் பெயர் 'கிளாவர்', ஹார்ட்ஸுக்கு 'ஹார்ட்டன்'. நம்ம கிளாவரும் ஆடுதனும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று நீங்களே பாருங்கள்! டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டிலேயே பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் துணி வியாபாரம் செய்தவர்கள். நம் நெசவாளி நெய்த துணியை வாங்கிப் போனவர்கள் அவர்கள்.

பெயர் வைப்பதில் எங்கள் தெருக்காரர்கள் கெட்டிக்காரர்கள். மூணு சீட்டு ஆட்டத்தில் மூன்று ராஜா சேர்ந்து வந்தால் 'மூவேந்தர்'. மூன்று ஏஸ் வந்தால் 'மும்மூர்த்தி'. வரிசையாக 7, 8, 9 என்று வந்தால் எல்லா ஊரிலும் 'ரன்' என்பார்கள், எங்கள் தெருவில் 'கோர்வை'. சேலையில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து பின்னிச் சேர்க்கிற வேலைக்குத்தான் கோர்வை என்று பெயர். ஒன்றோடு ஒன்று கோர்த்துக்கொள்வதால் சீட்டுக்கும் அதே பெயர் வந்துவிட்டது! எதுவுமே சேராத கை 'மொட்டை'. அதிலும் மிக மட்டமான 2, 3, 5 கலப்பாக வந்தால் 'அறுந்த இழை'. கையில் அறுந்த இழை வந்தவர் முகத்தைப் பார்க்கவே வேண்டாம், "பீடி இருக்கா?" என்று கேட்பார், தெரிந்துவிடும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான்

இந்தப் பெயர் வைக்கிற வழக்கம் நம்மிடம் மட்டும்தானா? இல்லை. அமெரிக்காவில் போக்கர் என்று ஓர் ஆட்டம். அதில் டெக்சாஸ் ஹோல்டெம் என்ற வகையில், முதலில் ஆளுக்கு இரண்டு சீட்டு மறைத்துக் கொடுப்பார்கள். பிறகு நடுவில் பொதுவாக ஐந்து சீட்டு விரிப்பார்கள். முதலில் வருகிற அந்த இரண்டு சீட்டுக்குத்தான் விதவிதமான செல்லப் பெயர்கள்.

இரண்டு ஏஸ் வந்தால் 'ராக்கெட்'. இரண்டு ராஜா 'கௌபாய்ஸ்', இரண்டு ராணி 'லேடீஸ்'. இரண்டு எட்டு 'ஸ்னோமென்', அதாவது பனியில் செய்த பொம்மை. எட்டு என்ற எண்ணைப் பாருங்கள், அப்படியே இருக்கும். இரண்டு இரண்டு வந்தால் 'வாத்து'. இரண்டு ஜாக்கி வந்தால் 'தூண்டில் முள்'. ஜே எழுத்து தூண்டில் முள் மாதிரி வளைந்திருப்பதால் அந்தப் பெயர். பார்க்க நன்றாக இருக்கும் இந்தக் கையை நம்பிப் பணம் வைத்து மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம்.

இங்கே எனக்கு ஒரு ஆச்சரியம். திருக்குறளில் சூதுக்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது, 94-ஆவது. அதன் முதல் குறளில் வள்ளுவர், ஜெயித்தாலும் சூது வேண்டாம், அந்த ஜெயிப்பு மீன் விழுங்கிய தூண்டில் முள் மாதிரி என்கிறார். போக்கர்காரன் வைத்த பெயரும் அதே! இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்க முடியாது. பட்டவன் எங்கே இருந்தாலும் ஒரே மாதிரிதான் பேசுவான் போலிருக்கிறது.

சில பெயர்களுக்குப் பின்னால் வரலாறும் உண்டு. ஏஸும் எட்டும் இரண்டிரண்டாகச் சேர்ந்தால் 'செத்தவன் கை'. 1876 ஆகஸ்ட் 2 அன்று டெட்வுட் என்ற ஊரில் வைல்டு பில் ஹிக்காக் என்ற துப்பாக்கி வீரர் சீட்டாடிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று ஒருவன் சுட்டுவிட்டான். அப்போது அவர் கையில் அந்தச் சீட்டுகள் இருந்ததாகச் சொல்வார்கள். இன்னொன்று, பத்தும் இரண்டும். சாதாரணமாக இது தூக்கிப்போட வேண்டிய கை. ஆனால் டாய்ல் பிரன்சன் என்ற ஆட்டக்காரர் 1976-லும் 1977-லும் லாஸ் வேகாஸ் உலகப் போட்டியின் கடைசி ஆட்டத்தை இந்தக் கையை வைத்தே ஜெயித்தார். இரண்டு வருஷமும் அதே கை! அதனால் அந்தக் கைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அதைக் கேட்டுப் பத்தும் இரண்டும் வைத்துக்கொண்டு பணம் கட்டித் தோற்றவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

நண்பர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பெயர் வைத்துவிட்டால் அந்தக் கைக்கு ஒரு குணம் வந்துவிடுகிறது. "கோர்வை எனக்கு ராசி", "இஸ்பேட் ராணி எனக்கு ஆகாது" என்று பேச ஆரம்பிக்கிறோம். சீட்டு வெறும் அட்டைதான். அதற்கு நம்மைத் தெரியாது.

ஒரு தீபாவளிக்கு முந்தின நாள்

நான் முதலாம் ஆண்டு சேர்ந்த வருடம். தீபாவளிக்கு முந்தின நாள். அப்பா சேலைக் கூலியும் போனஸும் வாங்கிக்கொண்டு வந்தார். அதில் என் பரீட்சைக் கட்டணமும், டிராஃப்டர் வாங்குகிற பணமும் இருந்தன. என்ஜினீயரிங் டிராயிங் வகுப்பில் டிராஃப்டர் இல்லாமல், பக்கத்துப் பையன் முடிக்கிற வரைக்கும் காத்திருந்து கடன் வாங்கி வரைந்துகொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான்தான். டிராஃப்டர் என்றால் என்ன என்று வீட்டில் சொல்லிப் புரியவைக்கவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அன்றைக்கு மழை. திண்ணையில் ஐந்து பேர். அப்பா வழக்கமாக ஐந்து, பத்துக்கு மேல் வைக்க மாட்டார். முதலில் நாலு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தார். பிறகு இரண்டு ஏஸ் ஜோடியாக வந்திருக்கிறது. "இந்தக் கையை விட்டா வேற எந்தக் கை?" என்று ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். கடைசியில் ஷோ கேட்டபோது எதிராளி வைத்தது கோர்வை. 4, 5, 6.

இரவு அப்பா வந்து குழித்தறியில் இறங்கி விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் பண்டிகை முடிந்து கடை திறந்ததும் தன் கம்மலைக் கழற்றி எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போனார். வந்து பணத்தை என் கையில் வைத்து, "போய்க் கட்டிட்டு வா. அந்த வரையற சாமானும் வாங்கிக்கோ" என்றார். அவ்வளவுதான். அம்மா காதில் அன்றிலிருந்து ரொம்ப நாள் விளக்குமாற்றுக் குச்சி.

அப்பா மட்டும் ஒரு வாரம் கழித்து என்னிடம் சொன்னார்: "கை நல்லாத்தான்டா இருந்துச்சு. நேரம் சரியில்ல."

அந்த வார்த்தை எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கை நல்லாத்தான் இருந்ததா?

கணக்குப் போட்டுப் பார்த்தேன்

இரண்டாம் ஆண்டில் கணக்கு சார் நிகழ்தகவு நடத்தியபோது எனக்கு அந்தத் திண்ணை ஞாபகம் வந்தது. இந்தக் கணக்கு பிறந்ததே சூதாட்டத்தில்தான் என்று அவர் சொன்னார். பிரான்சில் பாஸ்கல், ஃபெர்மா என்ற இரண்டு மேதைகள், பாதியில் நின்றுபோன ஆட்டத்தில் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று 1654-இல் கடிதம் எழுதிக்கொண்டார்களாம்.

அன்று மாலையே உட்கார்ந்தேன். 52 சீட்டில் மூன்றை எத்தனை விதமாக எடுக்கலாம்? 52 பெருக்கல் 51 பெருக்கல் 50, வகுத்தல் 6. விடை 22,100. அதில்:

மூன்றும் ஒரே எண் (மூவேந்தர் வகை): 52
ஒரே ஜாதியில் கோர்வை: 48
சாதாரணக் கோர்வை: 720
கலர் (மூன்றும் ஒரே ஜாதி): 1,096
ஜோடி: 3,744
மொட்டை: 16,440

கூட்டிப் பாருங்கள், 22,100 வரும். நூற்றுக்கு 74 கை மொட்டைதான்! "எனக்கு மட்டும் ஏன்டா மொட்டையா வருது?" என்று புலம்புகிறவருக்கு இதுதான் பதில். எல்லாருக்கும் அப்படித்தான் வருகிறது.

இப்போது அப்பாவின் கை. ஏஸ் ஜோடியை வெல்லக்கூடிய கைகள் 52, 48, 720, 1,096. மொத்தம் 1,916. நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது. ஒரே ஓர் எதிராளி என்றால் பயமில்லை. ஆனால் திண்ணையில் எதிராளிகள் நாலு பேர். நாலு பேரில் ஒருவரிடமாவது அப்படிப்பட்ட கை இருக்க வாய்ப்பு பத்துக்கு மூன்று. அதோடு இன்னொன்றும் இருக்கிறது. மட்டமான கை வந்தவர்கள் பாதியிலேயே கீழே வைத்துவிடுவார்கள். கடைசி வரை விடாமல் பணம் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பவர் யாராக இருக்கும்? நல்ல கை வந்தவராகத்தான் இருக்கும். ஆக, கை நன்றாக இருந்தது என்பது உண்மை. நேரம் சரியில்லை என்பது உண்மையில்லை. பத்துக்கு மூன்று என்பது அபூர்வம் அல்ல.

போக்கரிலும் இப்படியே. 'ராக்கெட்' கை 221 தடவைக்கு ஒரு தடவைதான் வரும். எதிரே ஒருவர் இருந்தால் நூற்றுக்கு 85 ஜெயிக்கும். எதிரே ஒன்பது பேர் கடைசி வரை நின்றால் நூற்றுக்கு 31-தான்! கை மாறவில்லை, கூட்டம் மாறியது.

தாயம் விழ மாட்டேங்குது!

சீட்டு வேண்டாம் என்கிறவர்களுக்கு நம் வீட்டுத் தாயக்கட்டை இருக்கிறது. இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: ஒன்று வெறுமை, மற்றவை 1, 2, 3. மொத்தம் 16 விதமாக விழலாம். தாயம் என்றால் ஒரு கட்டையில் 1, மற்றதில் வெறுமை. அது 16-க்கு 2, அதாவது எட்டுக்கு ஒன்று. பன்னிரண்டு (இரண்டும் வெறுமை) 16-க்கு ஒன்று, ஆறும் 16-க்கு ஒன்று. அதிகம் விழுவது மூன்று, 16-க்கு நாலு.

"எட்டுக்கு ஒன்று என்றால் எட்டு தடவை போட்டால் தாயம் விழுந்தே ஆக வேண்டும்" என்று நினைப்போம். தப்பு. எட்டு தடவை போட்டும் விழாமல் போக நூற்றுக்கு 34 வாய்ப்பு. இருபது தடவை போட்டும் விழாமல் போக நூற்றுக்கு 7 வாய்ப்பு. பொங்கல் விடுமுறையில் நாலு பேர் உட்கார்ந்து ஆடினால் அதில் ஒருவர் காய் இறக்காமலே அழுதுகொண்டிருப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா? "இத்தனை தடவை விழல, அடுத்தது நிச்சயம்" என்பதும் தப்பு. கட்டைக்கு ஞாபக சக்தி கிடையாது. இருபத்தோராவது தடவையும் எட்டுக்கு ஒன்றுதான்.

சகுனி இல்லாமலே தோற்கலாம்

நம் ஊர் பெரிய காஞ்சிபுரத்தில் பாண்டவ தூதப் பெருமாள் கோயில் இருக்கிறது. சுமார் 25 அடி உயரத்தில் கண்ணன் உட்கார்ந்த கோலத்தில் இருக்கிறார். ஏன் தூது போனார்? தருமர் சூதாட்டத்தில் நாட்டைத் தோற்றதால். சுற்றுவட்டாரக் கிராமங்களில் பாரதக் கூத்து நடக்கும்போது அந்தச் சூதாட்டக் கதை வந்தால் பெண்கள் கண் கலங்கிவிடுவார்கள். "எல்லாம் சகுனி பண்ணின மோசம்" என்போம்.

ஆனால் மோசம் செய்யாத ஆட்டத்திலும் ஓட்டாண்டி ஆகலாம். நம்பிக்கையில்லையா? நாங்கள் நாலு பேர் ஹாஸ்டலில் ஒரு சோதனை செய்தோம். பணம் இல்லை, தீக்குச்சி. ஒருவனிடம் 5 குச்சி, இன்னொருவனிடம் 15. நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் ஒரு குச்சி இவனுக்கு, பூ விழுந்தால் அவனுக்கு. ஒருவன் காலியாகும் வரை ஆட வேண்டும். நாணயம் நியாயமானது. இருபது ஆட்டம் ஆடினோம், மூன்று மாலை ஆயிற்று. கணக்குப்படி 5 குச்சிக்காரன் இருபதுக்கு 5 தடவைதான் ஜெயிக்க வேண்டும். எங்களுக்கு வந்தது 6. மீதி 14 தடவை அவன் காலி!

காரணம் எளிது. ஏற்ற இறக்கம் எல்லாருக்கும் வரும். நூறு தடவை நாணயம் சுண்டினால் தொடர்ந்து ஐந்து தடவை ஒரே பக்கம் விழாமல் இருப்பதுதான் அபூர்வம். 15 குச்சிக்காரன் அந்த இறக்கத்தைத் தாங்குவான். 5 குச்சிக்காரன் ஒரு சறுக்கலில் வெளியே போய்விடுவான், திரும்பி ஏறுவதற்கு அவனிடம் ஒன்றும் இருக்காது. நம் கையில் 10 ரூபாய், எதிராளியிடம் 990 என்றால் நாம் முழுதாக ஜெயிக்க நூற்றுக்கு ஒன்று. அதுவும் நியாயமான ஆட்டத்தில்! ஆட்டம் நடத்துகிறவர் ஒவ்வொரு கைக்கும் கமிஷன் பிடித்தால் சொல்லவே வேண்டாம்.

சட்டமும் இந்த வித்தியாசத்தைப் பார்த்திருக்கிறது. 1967-இல் உச்சநீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றது, மூணு சீட்டு மாதிரி முழுக்க அதிர்ஷ்டம் அல்ல என்றும் சொன்னது. பிறகு ரம்மி கைபேசிக்குள் வந்தது. தமிழ்நாட்டில் 2022-இல் சட்டம் வந்தது, 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அதிலிருந்து ரம்மிக்கும் போக்கருக்கும் விலக்குக் கொடுத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடைசெய்து சட்டம் இயற்றியது. மெஸ் பணத்தைக் கைபேசியில் விட்டுவிட்டு, பத்து நாள் பன்னும் டீயுமாக இருந்த சீனியர் ஒருவரை நானே பார்த்திருக்கிறேன். திறமை ஆட்டமோ, அதிர்ஷ்ட ஆட்டமோ, 5 குச்சிக்காரன் 5 குச்சிக்காரன்தான்.

அப்பா சொன்னது

இந்தக் கணக்கையெல்லாம் எழுதி அப்பாவிடம் காட்டினேன். கோபப்படுவாரோ என்று பயம். தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். 22,100 என்றதும், "அவ்ளோவா?" என்றார். பிறகு தலைக்கு மேலே தொங்குகிற ஜக்கார்டு அட்டையைக் காட்டி ஒன்று சொன்னார்.

"இதுவும் அட்டைதான்டா. இதுல ஓட்டை எங்க இருக்குன்னு தெரிஞ்சா அடுத்து மயில் வருமா மாங்கா வருமான்னு சொல்லிடுவேன். ஒரு சுத்து முடிஞ்சா மறுபடி அதே வரும். முப்பது வருஷமா இதையே பாத்த கண்ணு. அங்க போய் உக்காந்தாலும் டிசைன் தெரியற மாதிரியே இருக்கு. நாலு தடவ ஜெயிச்சா அஞ்சாவதும் வரும்னு தோணுது."

"அங்க டிசைனே கெடையாதுப்பா" என்றேன்.

"அதான் இப்ப நீ சொல்றியே" என்றார். சிறிது நேரம் கழித்து, "அந்த ஏஸ் ஜோடி, பத்துக்கு எத்தனைன்னு சொன்ன?" என்று கேட்டார்.

"ஏழு ஜெயிக்கும், மூணு தோக்கும்."

"மூணா..." என்று சொல்லிவிட்டு நாடாவை எடுத்து ஓட்டினார்.

அதற்குப் பிறகும் மழை நாளில் அப்பா திண்ணைக்குப் போகிறார். ஆனால் போர்வை மேல் காசு இல்லை, புளியங்கொட்டைதான். மற்றவர்கள் காசு வைத்தால் எழுந்து வந்துவிடுகிறார். அம்மாவின் கம்மல் இந்தச் சித்திரையில்தான் திரும்பி வந்தது, வட்டியோடு சேர்த்துக் கட்டி. வட்டிக்கு மட்டும் ஏற்ற இறக்கமே கிடையாது என்பதையும் அன்றுதான் கற்றேன்.

நண்பர்களே! சீட்டுகளின் பெயர்களைச் சொல்லி ரசியுங்கள், தவறில்லை. மூவேந்தர் வந்தால் கை தட்டுங்கள். தாயம் விழாத தங்கையைக் கேலி செய்யுங்கள். ஆனால் யாராவது "கை நல்லா இருக்கு, வை" என்றால், எதிரே எத்தனை பேர் இருக்கிறார்கள், நம்மிடம் எத்தனை குச்சி இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். எண்ணுவதற்குத்தானே நம்மைக் கம்மலை வைத்துப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள்!



இரண்டாம் ஆண்டு,
மின்னியல் பிரிவு.